வளைவே இல்லாத ஊரில் ஒரு பச்சைக் கார்

இங்கிலாந்தின் கிழக்கு ஓரத்தில் எங்கள் பக்கம் மேடு என்று எதுவும் கிடையாது. ஆற்றங்கரைதான் எங்களுக்கு மலை. அதன் மேல் ஏறி நின்றால் பக்கத்து ஊர் சர்ச் கோபுரம், அதற்கு அடுத்த ஊர்க் கோபுரம், அதற்கும் அப்பால் ஒன்று என்று கண்ணுக்கு எட்டியவரை தெரியும். ஒரு காலத்தில் எல்லாம் சதுப்பு. தண்ணீரை வடித்து நிலமாக்கினார்கள். வடித்த ஆட்கள் அடிக்கோல் வைத்துக் கோடு போட்டது போல வாய்க்கால் வெட்டி, வாய்க்காலை ஒட்டி ரோடு போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அதனால் ரோடும் கோடுதான். போகும், போகும், போய்க்கொண்டே இருக்கும். எவனாவது ஒருத்தன் வயல் குறுக்கே வந்தால் சுவரில் முட்டியது மாதிரி ஒடிந்து திரும்பும். பிறகு மறுபடியும் கோடு. அந்தத் திருப்பத்தில் கண் அசந்தவன் வாய்க்காலில் கிடப்பான். அதைப் போய் வளைவு என்று சொல்ல முடியாது.

இப்படிப்பட்ட ஊரில் வில்ஃப் செட்செல் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினான்.

இரண்டே பேர் உட்காரும் கார். பச்சை நிறம். உட்கார்ந்தால் நமக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருக்கும். தலைக்கு மேல் துணி. அதை மடித்துவிட்டால் வானம். தூறல் விழுந்தால்கூட எங்கள் ஆட்கள் சட்டென்று துணியை இழுத்து மூட மாட்டார்கள். மூடினால் தோற்றுப்போன மாதிரி. வில்ஃப் பார்த்தபோது அந்தக் கார் ஒரு பண்ணையில் கோழிகள் முட்டையிடும் இடமாக இருந்தது. பண்ணைக்காரன் ஏதோ கொடுத்துவிட்டு எடுத்துக்கொண்டு போ என்றான். வில்ஃப் பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து உருளைக்கிழங்கு லாரி ஓட்டுகிறவன். வாரமெல்லாம் மூட்டை, ஞாயிற்றுக்கிழமை ஸ்பானர். குளிர்காலம் குளிர்காலமாக உட்கார்ந்து, கடைசியில் ஒரு நாள் காலையில் அதை உறும வைத்துவிட்டான். சத்தம் கேட்டு அவன் பெண்டாட்டி ஹேஸல் டீக் கோப்பையோடு ஷெட்டுக்கு வந்தாள்.

"கோழி நாத்தம் இன்னும் போகலையே" என்றாள்.

"ஓட்டினா போயிரும்."

"எங்க ஓட்டுவ? விஸ்பெக் சந்தைக்கா? அதுக்கு உன் லாரியே போதும்."

அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. வளைவில் சாய்ந்து வழுக்கிப் போவதற்காகவே செய்த கார் அது. அதை எங்கள் ஊரில் ஓட்டுவது பந்தயக் குதிரையை வாங்கிவந்து பால்மாட்டுக் கொட்டிலில் கட்டின மாதிரி.

அந்த வருஷம்தான் ஹேஸல் பல் பிடுங்கப் போனாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறவள். சர்ச்சில் பாட்டுத் தாளைக்கூடப் பத்திரமாக மடித்து எடுத்த இடத்தில் வைத்துவிட்டு வருகிறவள். பல் டாக்டரின் காத்திருக்கும் அறையில் ஒரு காலண்டர் தொங்கியது. அதில் ஸ்விட்சர்லாந்து மலை ஒன்று. கருங்கல் பாவிய பழைய ரோடு, தையல் பெட்டியிலிருந்து நழுவி விழுந்த நாடா போல மடிந்து மடிந்து, கொண்டை ஊசி வளைவு வளைவாக மேலே ஏறிப் போகிறது. கன்னம் வீங்கி வீட்டுக்கு வந்தவள், கோட்டுப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து மேஜை மேல் விரித்தாள்.

"கிழிச்சியா?" என்றான் வில்ஃப்.

வாயில் பஞ்சு இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு பஞ்சை எடுத்துவிட்டு, "இங்க போகணும். உன் காருக்கு இதுதான் ரோடு" என்றாள்.

தாள் ஷெட்டுச் சுவரில் ஏறியது, காருக்கு நேர் எதிரே. அன்றைக்கு ஆரம்பித்ததுதான். படத்தில் மேலிருந்து இரண்டாவது வளைவில் பட்டாணி அளவுக்கு ஒரு வெள்ளை வேன் இருந்தது. அது ஏறுகிறது என்பாள் ஹேஸல். இறங்குகிறது என்பான் வில்ஃப். லாரிக்காரன் கண்ணுக்குத் தெரியாதா என்பான். லாரிக்காரன் மலையைப் பார்த்திருந்தால்தானே என்பாள். அந்தச் சண்டை தீரவே இல்லை.

குளிர்கால ஞாயிறுகளில் சாப்பாடு முடிந்ததும் இரண்டு பேரும் ஷெட்டுக்குப் போய்க் காரில் உட்காருவார்கள். துணிக்கூரை மடித்திருக்கும். காலுக்குக் கம்பளி, கைக்கு பிளாஸ்க், அவள் மடியில் வரைபடம், அதற்கு மேல் காகிதத்தில் சுற்றிய முட்டை சாண்ட்விச். ஷெட்டுக் கதவு திறந்திருக்கும். வெளியே கறுப்பு வயல், காற்று ஊசியாகக் குத்தும். இன்ஜினைப் போட மாட்டார்கள். பெட்ரோல் எதற்கு. ஹேஸல் விரலால் தடம் பிடித்துக்கொண்டு போவாள். "ஹாரிச் துறைமுகத்துல கப்பல் ஏறியாச்சு. ஹாலந்துல இறங்கியாச்சு."

"ஹாலந்து நம்ம ஊர் மாதிரியே தட்டை. நம்ம வாய்க்காலை வெட்டுனதே அவனுங்கதான். கப்பல் ஏறி நம்ம ஊருக்கே வந்து இறங்குறதா?"

"வாயை மூடிக்கிட்டு ஓட்டு. மதியத்துக்குள்ள தாண்டிரலாம்."

பிறகு ரைன் நதி வரும். திராட்சைத் தோட்டம் வரும். ஜெர்மனியின் கருங்காடு வரும். கருங்காட்டில் அவன் கியரை மாற்றுவான், வண்டி நின்ற இடத்திலேயே நிற்க. எல்லை வந்தால்தான் சாண்ட்விச்சைப் பிரிப்பாள். அதற்கு முன்னால் கேட்டால் கையில் ஒரு தட்டுத்தான் கிடைக்கும். ஸ்விட்சர்லாந்துக்குள் நுழைந்ததும் இரண்டு பேரும் சாண்ட்விச்சை மென்றபடி சுவரில் இருக்கும் தாளைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பார்கள். அது கொஞ்ச நேரம். பிறகு ஹேஸல் கம்பளியை மடிப்பாள். வில்ஃப் ஷெட்டைப் பூட்டுவான்.

ஒவ்வொரு வருஷமும் இந்தக் கோடையில் போவதாகத்தான் பேச்சு. ஒரு வருஷம் காரின் முன்பக்க ஸ்பிரிங் சரியில்லை. ஒரு வருஷம் துணிக்கூரை ஒழுகுது. ஒரு வருஷம் கிழங்கு விளைச்சல் அதிகம், லீவு கிடைக்கவில்லை. ஒரு வருஷம் மகள் பிரசவம். மகளுக்கு நியாயம் உண்டு. ஸ்பிரிங்குக்கு இல்லை. அதை வில்ஃப் பிப்ரவரியிலேயே மாற்றியிருந்தான்.

விஷயம் வேறு. வில்ஃப் பயந்தான். பாலத்துக்கு அடியில் லாரியை ஒரு விரற்கடை இடைவெளியில் கொண்டுபோகிற ஆள், ஆனால் வாழ்க்கையில் ஒரு நாள்கூட ரோட்டுக்கு வலது பக்கம் ஓட்டினதில்லை. கப்பலை விட்டு இறங்கினால் எல்லாம் வலது பக்கம். இந்தக் காரின் ஸ்டியரிங்கும் வலது பக்கம். அப்படியென்றால் ஓட்டுகிறவன் ரோட்டு ஓரத்துப் பள்ளத்தைத்தான் பார்த்துக்கொண்டு போவான். முன்னால் ஒரு லாரி போனால் அதன் முதுகு மட்டும்தான் தெரியும், எதிரே என்ன வருகிறது என்று தெரியாது. இடது சீட்டில் இருக்கிறவர் எட்டிப் பார்த்து "காலி, போ" என்று சொன்னால்தான் முந்த முடியும். மலையைத் தாண்டி இத்தாலிக்குள் இறங்கினால் டோல்கேட்டில் டிக்கெட் வாங்குவதும் இடது சீட்டுதான். ஆக, அந்தக் காரில் இடது சீட்டு சும்மா உட்கார்ந்து வருகிற சீட்டு இல்லை. அது பாதி டிரைவர்.

"என் கண்ணு எதுக்கு இருக்கு? நான் சொல்றேன், நீ போ" என்பாள் ஹேஸல், எப்போது இந்தப் பேச்சு வந்தாலும்.

ஹேஸலின் தம்பி ராட்னி கிழங்கு விவசாயி. மதுக்கடையில் நாலு பேர் முன்னால் வில்ஃபைச் சீண்டுவதுதான் அவனுக்குப் பொழுதுபோக்கு. "மாப்ள, இந்த வருஷம் எந்த ஊர் வரைக்கும் போனீங்க, ஷெட்டுக்குள்ள?" என்பான். "பாஸ்போர்ட்டுல முத்திரை யாரு குத்துனா, பூனையா?" வில்ஃப் பீரைக் குடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பான்.

போன குளிர்காலத்தில் ஹேஸல் கொஞ்சம் மாறினாள். முதலில் வரைபடத்தை மடியில் விரிப்பதை விட்டுவிட்டாள். "எனக்கு மனப்பாடம். மடிச்சே இருக்கட்டும்" என்றாள். வில்ஃபும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். பிறகு ஒரு நாள் ஒரு கண் ரத்தச் சிவப்பாக இருந்தது. ரோஜாச் செடி முள் பட்டுவிட்டது என்றாள். ஜனவரியில் எந்த ரோஜாவுக்குள் தலையை விட்டாள் என்று அவன் கேட்கவில்லை. சில வாரம் கழித்து மறுபடியும் சிவப்பு. தம்பியோடு பீட்டர்பரோ டவுனுக்குத் திரைச்சீலைத் துணி பார்க்கப் போய்விட்டு வந்த அன்றைக்கு. திரைச்சீலையும் வரவில்லை.

எல்லாவற்றையும் விட அவனுக்குக் குத்தியது, அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசியது. சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்தால் நேராகப் பார்க்க மாட்டாள். தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு பேசுவாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் கோபத்துக்கு அதுதான் அடையாளம். வில்ஃப் யோசித்துப் பார்த்தான். ஸ்பிரிங் பொய் தெரிந்துவிட்டது என்று முடிவு கட்டினான். தெரிந்துதான் முகம் கொடுக்காமல் பேசுகிறாள்.

பிப்ரவரியில் ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே, முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு, அவள் சொன்னாள்: "வில்ஃப், இந்த வருஷம் கப்பலுக்கு டிக்கெட் போட்டுரு."

இதுவரை அவள் அப்படிச் சொன்னதே இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து பேசுவார்கள், சேர்ந்தே கைவிடுவார்கள். இப்போது அவள் கேட்டது கேட்பது மாதிரி இல்லை.

"போடலாம். துணிக்கூரையில ஒரு தையல் மட்டும்..."

"ஜூன் மாசம் பனி போய் மலைப்பாதை திறந்துருவாங்க. ஜூனுக்குப் போடு."

"என்ன இப்படிப் பறக்குற? மலை எங்க ஓடிப் போகுது?"

அவள் தட்டைத் துடைத்து வைத்தாள். "மலை ஓடாது" என்றாள்.

வில்ஃபுக்கு வேறு வழி தெரியவில்லை. ஆனாலும் லாரிக்காரன் புத்தி. டிக்கெட்டுக்கு முன்னால் வலது பக்கம் ஓட்டிப் பழக வேண்டும் என்றான். எங்கே பழகுவது, இந்த நாட்டில் அப்படி ஓட்டினால் போலீஸ் பிடிக்கும் என்று அதையே சாக்காக்கிவிடலாம் என்று நினைத்தானோ என்னவோ. ராட்னி வந்து அதைக் கெடுத்தான். யுத்த காலத்து விமானத் தளம் ஒன்று அவன் வயலை ஒட்டிக் கிடக்கிறது. ஓடுபாதை சிமென்ட் இன்னும் திடமாக இருக்கிறது. விவசாயிகள் வைக்கோல் அடுக்குவதும் சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கைக் குவிப்பதும் அங்கேதான்.

"ஏப்ரல் முதல் ஞாயிறு வா மாப்ள. ஐரோப்பாவையே போட்டுத் தர்றேன்" என்றான் ராட்னி. "டிராக்டர், டிரெய்லர், வேன் எல்லாம் என் செலவு. எதிர்ல வர்ற லாரி நான்."

அந்த ஞாயிறு வெயில் அடித்தது, காற்றும் அடித்தது. ராட்னி வைக்கோல் கட்டுகளை வட்டமாக அடுக்கி ஒரு ரவுண்டானா போட்டிருந்தான். கடற்கரை நாற்காலி ஒன்றைப் போட்டுத் தகர டப்பாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, அது இத்தாலி டோல்கேட் என்றான். வில்ஃப் ரவுண்டானாவை முதலில் நம் ஊர் வழக்கப்படியே சுற்றினான். "செத்தோம்" என்றாள் ஹேஸல் சாதாரணமாக. மறுபடி, எதிர்ப் பக்கமாகச் சுற்றினான். மூன்றாவது சுற்றில் கொஞ்சம் வசப்பட்டது. டோல்கேட்டில் காரை நிறுத்தியபோது ராட்னி இத்தாலிக்காரன் மாதிரி என்னவோ உளறினான். ஹேஸல் கையை நீட்டினாள். கை டப்பாவுக்குப் பக்கத்தில் போனது, டப்பாவுக்குப் போகவில்லை. தடவிப் பிடித்தாள்.

"காத்து" என்றாள்.

ராட்னி சிரிக்கவில்லை. எழுந்து போய் வேனில் ஏறினான்.

அடுத்தது முந்துவது. வைக்கோல் ஏற்றிய உயரமான டிரெய்லர் ஒன்று வலது ஓரம் நின்றது; அதுதான் முன்னால் போகிற லாரி என்று கணக்கு. வில்ஃப் அதன் முதுகுக்குப் பின்னால் காரை மெதுவாகக் கொண்டுபோனான். அவன் பக்கம் வைக்கோலும் புல்லும்தான் தெரிந்தது. கனவிலும் நினைவிலும் இத்தனை வருஷம் அவன் பயந்துகொண்டிருந்த இடம் இதுதான்.

"ஹேஸல், பாத்துச் சொல்லு."

அவள் இடது பக்கம் எட்டிப் பார்த்தாள். முகத்தைச் சாய்த்தாள், இன்னும் கொஞ்சம் சாய்த்தாள்.

"காலி. போ."

அவன் இடது பக்கம் ஒடித்து வெளியே வந்தான். எதிரே ராட்னியின் வேன் நின்றது. விளக்கு இரண்டும் எரிந்துகொண்டிருந்தது. நல்ல தூரத்திலேயே நின்றுவிட்டிருந்தது. அங்கேயேதான் ரொம்ப நேரமாக நின்றிருக்க வேண்டும். வில்ஃப் பிரேக்கை மிதித்தான். பிளாஸ்க் உருண்டு ஹேஸல் காலில் இடித்தது.

வானம்பாடி ஒன்று மேலே கத்திக்கொண்டே இருந்தது. ராட்னி வேனை விட்டு இறங்கி நடந்து வந்தான்.

"ஏன்டா இப்படிப் பண்ணே?" என்றாள் ஹேஸல். தம்பியைப் பார்த்து அல்ல. தம்பி இருந்த இடத்துக்குப் பக்கத்தில் பார்த்து.

"சொல்ல மாட்டேன்னுதான் உனக்கு வாக்குக் குடுத்தேன். வேன் ஓட்ட மாட்டேன்னு குடுக்கல."

"போடா இங்கிருந்து."

ராட்னி போய் வைக்கோல் கட்டின் மேல் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தான். வில்ஃப் இன்ஜினை அணைத்தான்.

"என்ன ஹேஸல் இது?"

அவள் மடியில் இருந்த கம்பளியை நீவிக்கொண்டிருந்தாள். "நடுவுல தெரியல. ஓரம் தெரியுது. கண்ணாடியில யாரோ எண்ணெய்க் கைய வச்ச மாதிரி ஒரு கறை. எங்க பாத்தாலும் அங்க வந்து நிக்குது. உன்னை நேரா பாத்தா உன் மூஞ்சி இல்ல. சாஞ்சு பாத்தா பாதி இருக்கு. பெரிய நஷ்டம்னு சொல்ல முடியாது."

அவன் சிரிக்கவில்லை.

"மொதல்ல எப்படித் தெரிஞ்சுதுன்னு கேளு. பஸ்ல வர்றேன். நம்ம ரோடு வளையுது. பொறந்ததுல இருந்து பாக்குற ரோடு, நூல் பிடிச்ச மாதிரி போற ரோடு, நெளிஞ்சு நெளிஞ்சு போகுது. தந்திக் கம்பமெல்லாம் ஆடுது. ஒரு நிமிஷம் எனக்கு சந்தோஷமா இருந்துச்சு வில்ஃப். சத்தியமா. நம்ம ஊர்லயும் வளைவு வந்துருச்சேன்னு. அப்புறம் வீட்டுக்கு வந்தா சமையலறைக் கதவும் வளைஞ்சிருந்துச்சு."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"கண்ணுக்குள்ள ஊசி. அதுக்குத்தான் ராட்னியோட போறது. இன்னும் மோசமாகாம பிடிச்சு வைக்கப் பாக்குறாங்க. போனது போனதுதான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

இந்தக் கேள்விக்கு அவள் முகத்தைத் திருப்பவில்லை. நேராகவே பார்த்தாள், அவன் முகம் அங்கே இல்லை என்று தெரிந்தும்.

"உனக்கு வருஷா வருஷம் ஒரு காரணம் வேணும். ஸ்பிரிங், துணி, கிழங்கு. எல்லாம் எனக்குத் தெரியும், வாயைத் திறக்கல, ஷெட்டுல உக்காந்து போறதும் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா என் கண்ணை உனக்குக் காரணமாக் குடுக்க மாட்டேன். இதைச் சொன்னா நீ ரொம்ப அன்பா, ரொம்பப் பொறுப்பா, காலத்துக்கும் பயணத்தை நிறுத்திருவ."

வில்ஃப் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அவள் சொன்னது அப்படியே உண்மை. வேனைப் பார்த்துப் பிரேக் மிதித்த அந்த நொடியில் அவனுக்குள் முதலில் வந்தது பயமில்லை. இனிமேல் போக வேண்டியதில்லை என்ற நிம்மதி. அதை நினைத்து அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. எத்தனை கோடை. அவள் கண் நன்றாக இருந்த எத்தனை கோடை. அத்தனையையும் உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வைத்துக்கொண்டு அவன் ஷெட்டைப் பூட்டியிருக்கிறான்.

வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தான், நம் பக்கத்தில், இடது ஓரமாக. அந்த வாரம் முழுக்கவே கப்பல் பேச்சு வரவில்லை. ஹேஸல் தன் பாட்டுக்கு வேலைக்குப் போனாள், வந்தாள். முடிந்தது என்றுதான் அவள் நினைத்திருக்க வேண்டும். அடுக்குப் பலகையில் இருந்த வரைபடத்தை எடுத்துப் பழைய பத்திரிகைகளோடு வைத்துவிட்டாள்.

அடுத்த ஊசிக்கு வில்ஃபே கூட்டிக்கொண்டு போனான். லாரி முதலாளியிடம் லீவு கேட்டான், கிழங்கு நடும் காலத்தில். முதலாளி ஏற இறங்கப் பார்த்தார். பச்சைக் காரில்தான் போனார்கள். குளிருக்கு ஹேஸல் தலையில் துண்டைக் கட்டியிருந்தாள். திரும்பும்போது ஒரு கண்ணில் மூடி போட்டிருந்தாள். மறு கண்ணையும் மூடிக்கொண்டு தலையைச் சாய்த்திருந்தாள். வலிக்கிறதா என்று கேட்டான். மணல் விழுந்த மாதிரி இருக்கிறது என்றாள்.

விஸ்பெக் தாண்டி நம் கோட்டு ரோட்டில் ஏறியதும் முன்னால் ஒரு டிராக்டர். கிழங்கு நடும் இயந்திரத்தை இழுத்துக்கொண்டு, ரோட்டை முழுசாக அடைத்துக்கொண்டு, மாட்டு நடையில் போகிறது. சக்கரத்திலிருந்து கறுப்பு மண் கட்டி கட்டியாக உதிர்கிறது. எங்கள் ஊரில் பிறந்தவன் யாரும் இதற்கு ஹாரன் அடிக்க மாட்டான். டிராக்டரை ஓட்டுகிறவன் மாமனாகவோ பங்காளியாகவோ இருப்பான். பின்னால் ஒட்டிக்கொண்டு, அவன் தன் வயலுக்குத் திரும்புகிறவரைக்கும் போக வேண்டியதுதான். வில்ஃப் கியரைக் குறைத்தான்.

"டிராக்டரா?" என்றாள் ஹேஸல் கண்ணைத் திறக்காமல்.

"ஆமா. எப்படித் தெரிஞ்சுது?"

"மண் வாசனை. அப்புறம் நீ பெருமூச்சு விட்ட." துண்டைக் காதுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். "எங்க அப்பாவுக்குப் பின்னாடி இப்படித்தான் போவோம், அம்மாவும் நானும் சைக்கிள்ல. அவரு திரும்பிப் பாக்கவே மாட்டாரு. இப்ப நாம எவ்வளவு நேரமா இது பின்னாடி போறோம்?"

"ரொம்ப நேரமா."

"உனக்கு எரிச்சலா இருக்கா?"

"இல்லையே."

"அப்ப அங்க மட்டும் எதுக்கு முந்தணும்?"

வில்ஃப் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் கண்ணை மூடியபடியே பேசினாள்.

"நம்ம ஆயுசெல்லாம் டிராக்டர் பின்னாடியும் பீட் கிழங்கு லாரி பின்னாடியும் போனவங்க. ஜெர்மன்காரன் லாரி மட்டும் கடிச்சிருமா? அவன் எங்க போறானோ அங்க வரைக்கும் போவோம். அவன் திரும்பினா இன்னொருத்தன் வருவான். அவன் பின்னாடி போவோம். நீ காலின்னு கேக்கவும் வேணாம், நான் போன்னு சொல்லவும் வேணாம்."

"ஊர் போய்ச் சேர வாரக் கணக்காகும்."

"வளைவைக் கண்ணாலயா பாக்கப் போறேன்? உடம்பு சாயும்ல. அது போதும். ஓரம் வேற இன்னும் இருக்கு. மலை பெருசு, ஓரத்துல கொஞ்சமாவது விழும்."

டிராக்டர்காரன் வரப்பு வந்ததும் திரும்பினான். கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனான். வில்ஃபும் கையைத் தூக்கினான். முன்னால் ரோடு காலியாகக் கிடந்தது, வானம் வரைக்கும். அவன் வேகம் எடுக்கவில்லை. அப்படியே ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். கோட்டைக்கூடக் கழற்றாமல் போனை எடுத்தான். கப்பல் கம்பெனிப் பெண் வண்டியின் உயரம் என்ன என்று கேட்டாள். "உயரமா? அதுக்கு ஏதும்மா உயரம், நாய் தாண்டிப் போயிரும்" என்றான். ஜூன் மாதம், இரண்டு பேர், ஒரு கார். ரத்து செய்தால் காசு திரும்பக் கிடைக்கிற டிக்கெட் வேண்டுமா, கிடைக்காத டிக்கெட் வேண்டுமா என்றாள். வில்ஃப் ஹேஸலைப் பார்த்தான். அவள் தண்ணீர்க் கெண்டியை அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தாள். முதுகு அசையாமல் நின்றது.

"கிடைக்காததையே குடு" என்றான்.

அந்த ஞாயிறு சாப்பாடு முடிந்ததும் பழக்கதோஷத்தில் ஷெட்டுக்குப் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டான். கொஞ்ச நேரம் கழித்து ஹேஸல் வந்தாள். கதவைத் தடவித் திறந்து, கையைக் கதவு விளிம்பில் ஊன்றி, இடது சீட்டில் இறங்கி உட்கார்ந்தாள். கம்பளி இருந்தது. பிளாஸ்க் இருந்தது. சாண்ட்விச் இல்லை.

"முட்டை எங்க?"

"இனிமே ஷெட்டுக்கெல்லாம் முட்டை அவிக்க மாட்டேன். அங்க வந்து தின்னு."

அவன் டீயை ஊற்றி அவள் கையில் வைத்து, விரல்கள் கோப்பையைப் பிடித்துக்கொண்டதா என்று பார்த்துவிட்டுக் கையை எடுத்தான். வெளியே வயலில் யாரோ கிழங்கு நட்டு முடித்திருந்தார்கள். வரி வரியாக, எல்லாம் நேராக, கரை வரைக்கும். ஹேஸல் தலையைச் சாய்த்து, எதிர்ச் சுவரைப் பார்த்தாள். காலண்டர் தாள் வெயிலில் நிறம் மங்கி ஓரம் சுருண்டிருந்தது.

"அந்த வெள்ளை வேன் இருக்கா இன்னும்?" என்றாள்.

"இருக்கு."

"உண்மையைச் சொல்லு. ஏறுதா, இறங்குதா?"

வில்ஃப் காரை விட்டு இறங்கிச் சுவருக்கு அருகே போனான். மூக்கு தாளில் படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தான். பட்டாணி அளவு வெள்ளை. முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று தெரியவில்லை. எந்தக் காலத்திலும் தெரிந்ததில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து கதவைச் சாத்தினான்.

"ஏறுது" என்றான்.

"அதானே சொன்னேன்." அவள் கம்பளியைக் கால் மேல் இழுத்து விட்டுக்கொண்டாள். "அது பின்னாடியே போ. முந்தாத."